டிராக்டருக்கு வாங்கிய பொடி

அந்த டிராக்டர் வந்த நாளிலிருந்து மதியழகன் வீட்டில் யாருக்கும் யாரோடும் சரியில்லை. தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. இந்த வாரம்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தலைநகரின் துவாரகா பகுதியில், தரைத்தளத்து டி.டி.ஏ. குடியிருப்பு வீடு. பின்பக்கம் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு முற்றம். அங்கே கட்டில் இல்லை, ஒரு குட்டித் தோட்ட டிராக்டர் நிற்கிறது. எந்தப் பண்ணை வீட்டிலோ ஐம்பது வருஷம் புல் வெட்டி ஓய்ந்துபோனதை, நஜஃப்கட்டில் பழைய இரும்பு வாங்கி விற்கிற கபாடிக்காரனிடமிருந்து மதியழகன் ஆசையாய் இழுத்துக்கொண்டு வந்தான். விமான நிலையத்தில் பெட்டி இழுக்கிற வண்டிகளைப் பழுது பார்ப்பது அவன் உத்தியோகம். வீட்டுக்கு வந்தும் ஒரு வண்டிக்கு அடியில் படுத்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்!

அவன் மனைவி பிரபா அந்த டிராக்டரை "உங்க மூத்த சம்சாரம்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், ஆனால் அந்தச் சிரிப்பை நம்பக் கூடாது. டிராக்டரோடு கூடவே, சித்திரையில் புருஷனைப் பறிகொடுத்த அக்கா ஜெயலட்சுமியையும் மதியழகன் அருப்புக்கோட்டையிலிருந்து அழைத்து வந்திருந்தான். பிள்ளை குட்டி இல்லாதவள், வேறு போக்கிடமும் இல்லை. பிரபா கெட்டவள் அல்ல. நாத்தனாரை ஒரு வார்த்தை சுடச்சொல்லவில்லை. குளிரச்சொல்லவும் இல்லை. "சாப்பிட்டீங்களா மதினி", "தூங்குங்க மதினி" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இவர்கள் மூன்று பேருக்கும் நடுவே பதினோரு மாசத்துக் குழந்தை பிரியதர்ஷினி, தர்ஷி. தவழ்ந்தே வீட்டைச் சுற்றி வருகிற கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரிதான் கொஞ்ச நாளாகச் சுணங்கிக் கிடக்கிறாள்.

ஆடி வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் பிரபாவுக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மடியில் தர்ஷியையும் வைத்துக்கொண்டு, இரண்டையும் கவனிக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கும் வெளிக்குப் போகலையா?" என்று கேட்டாள் ஜெயலட்சுமி.

"இல்ல மதினி. பால் குடுத்தா கக்குறா. பல்லு முளைக்குதுன்னு டாக்டரே சொல்லிட்டாரே."

"பல்லு முளைச்சா வயித்தால போகும்பாக. இது கட்டிக்கிட்டுல்ல இருக்கு? எனக்கென்னமோ பயமா இருக்கும்மா."

"சும்மா இருங்க மதினி. நீங்க வேற."

பயந்தது பிரபாவும்தான். ஆனால் பயத்தை வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு நினைப்பு. நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிற நினைப்புதான் அது.

குழந்தை மடியிலிருந்து நழுவி இறங்கிப் பூஜை அலமாரியைப் பார்த்துத் தவழ்ந்தது. அலமாரிக்குக் கீழே ஜெயலட்சுமி போட்ட கோலம். அரிசிமாவில் இழைத்து, சுற்றிலும் காவிப் பட்டை இழுத்திருந்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. தர்ஷி இரண்டு உள்ளங்கைகளையும் அந்தப் பட்டையில் அப்பி எடுத்தாள். எடுத்த கையைச் சூப்பினாள்.

"ஏய் கழுதை!" என்று பிரபா ஓடிப்போய்த் தூக்கினாள். ஈரத்துணியால் கையைத் துடைத்தாள். துணி ஆரஞ்சு நிறமாக ஆனது. காவி இத்தனை பளீரென்றா இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. லேப்டாப்பிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தோன்றியதை அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

மதியழகன் இரவு ஷிப்ட் முடிந்து வந்தபோது காலை பத்து மணி தாண்டியிருந்தது. தூங்கி வழிய வேண்டியவன், கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தான்.

"பிரபா, இன்னைக்கு பிரைமர்! இஞ்சின் ஓடிருச்சு, கார்புரேட்டர் பிரச்சினை முடிஞ்சிருச்சு. பாடில பழைய பெயின்டச் சுரண்டி முடிச்சாச்சு. இன்னும் ஒரு நாள் விட்டா இந்த மழைக்குத் துரு ஏறிரும்."

"முதல்ல பிள்ளையப் பாருங்க. ராத்திரி பூரா நைநைன்னு அழுதா."

"சாயங்காலம் டாக்டர்கிட்ட காட்டிருவோம். சரியா?" குழந்தையின் கன்னத்தை ஒரு நிமிண்டு நிமிண்டிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டான். தார்ப்பாயை உதறுகிற சத்தம் கேட்டது. டப்பாக்களை உருட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான்.

"பிரபா, இங்க ரேக்குல ஒரு பாட்டில் வச்சிருந்தேனே? ஆரஞ்சுப் பொடி. ஊறுகா பாட்டில்ல."

"என்ன பொடி?"

"பெயின்டுக்கு முன்னாடி அடிக்கிற பிரைமர் பொடிதான். ஈயச் சிவப்பு. ஆளிவிதை எண்ணெயில குழைச்சு அடிக்கிறது. அந்தக் காலத்து வண்டிக்கெல்லாம் அதான் அடிச்சாங்க. சாவ்ரி பஜார்ல தேடித் தேடி வாங்கினேன். கடைக்காரன்கூட ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொல்லி அனுப்பினான், 'பச்சோன் ஸே தூர் ரக்னா'ன்னு. பிள்ளைங்க கைக்கு எட்டாம வைக்கணும்னு. அதனாலதான் முத்தத்துல மேல் ரேக்குல…"

சொல்லிக்கொண்டே வந்தவன் பூஜை அலமாரிப் பக்கம் பார்த்துவிட்டான்.

ஒரு மனிதனுடைய முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை பிரபா அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தாள்.

"அக்கா," என்றான். "அக்கா, இது எதுல போட்டது?"

சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள் ஜெயலட்சுமி. "காவிப்பா. ஏன், நல்லா இல்லையா?"

"எங்க இருந்து எடுத்த?"

"கோலமாவு டப்பா பக்கத்துல இருந்துச்சு. ஊறுகா பாட்டில்ல."

"ஐயோ அக்கா… அது விஷம்க்கா!"

கரண்டி கீழே விழுந்தது. ரசம் தரையெங்கும் தெறித்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. பிரபா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். கையைக் கழுவினாள், வாயைத் துடைத்தாள், நகக்கண்ணைத் தேய்த்தாள். ஒவ்வொரு பிஞ்சு நகத்துக்குள்ளும் ஆரஞ்சுக் கோடு. தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. குழந்தை வீறிட்டு அழுதது.

"தின்னுட்டாளா? பிரபா, தின்னுட்டாளா?"

"கையச் சூப்பினா. நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் இருந்தேன்!" என்று அலறினாள் பிரபா.

வாடகைக் கார் வரப் பத்து நிமிஷம் என்று போன் காட்டியது. மழையில் பத்து இருபதாயிற்று. மூன்று பேரும் குழந்தையோடு பின் சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜெயலட்சுமியை வா என்று யாரும் கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஏறியிருந்தாள்.

"பையா, ஜல்தி சலோ! பச்சா பீமார் ஹை!" என்று டிரைவரைச் சீக்கிரம் போகச் சொல்லி மதியழகன் கத்திக்கொண்டே வந்தான். டிரைவர் என்ன செய்வான் பாவம்? செக்டார் முனையில் முழங்கால் அளவு தண்ணீர். மெட்ரோ தூண்களுக்கு நடுவே வண்டிகள் நகராமல் நின்றன.

தர்ஷி அழுது ஓய்ந்து அம்மா தோளில் சாய்ந்திருந்தாள். அழுதபோது இருந்த பயத்தைவிட, அவள் அழாமல் இருந்தபோதுதான் பிரபாவுக்குக் குலை நடுங்கியது. மூச்சு வருகிறதா என்று அடிக்கொருதரம் முதுகில் கை வைத்துப் பார்த்தாள்.

கார் நின்ற இடத்திலேயே நின்றது. அப்போதுதான் அவளுக்கு அது நினைவு வந்தது.

ஆடி பிறக்கிற சமயம். இதே போல ஒரு மழை. துணி எடுக்க முற்றத்துக்குப் போனவள், ரேக்கில் ஒரு பாட்டில் நனைந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். மூடி சரியாக மூடாமல், உள்ளே ஏதோ பொடி. "இந்த மனுஷனுக்கு எதையும் ஒழுங்கா வைக்கத் தெரியாது" என்று முணுமுணுத்துக்கொண்டே அதை உள்ளே எடுத்து வந்தாள். சமையலறை பால்கனி அலமாரியில் காலி இடம் இருந்தது. கோலமாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அன்றைக்கு அவனோடு பேச்சுவார்த்தை இல்லை. பிறகு மறந்தே போனாள்.

வைத்தது அவள். அவளேதான். வாயைத் திறந்தாள். மதியழகன் முன் சீட்டைக் குத்திக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டரம்மா வயசில் சின்னவர்தான். ஆனால் பேச்சில் கறார். எல்லாம் இந்தியில். மதியழகன் போனில் எடுத்திருந்த கோலத்தின் படத்தைக் காட்டி, பொடியின் பெயரையும், அது பழைய டிராக்டருக்கு வாங்கியது என்பதையும் சொன்னான். டாக்டரின் புருவம் சுருங்கியது.

"வாந்தி எடுக்க வைத்தீர்களா?"

"இல்ல மேடம்."

"நல்லவேளை. எப்போது சாப்பிட்டாள்? எத்தனை நாளாக இந்தப் பொடி வீட்டில் புழங்குகிறது?"

"இன்றைக்குத்தான்," என்றான் மதியழகன். "இன்றைக்கு மட்டும்தான்."

வாசல் ஓரமாக நின்றிருந்த ஜெயலட்சுமிக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. பயம் எந்தப் பாஷையில் பேசினாலும் புரியத்தானே செய்கிறது!

"பிரபா," என்று மெல்லக் கூப்பிட்டாள். "இன்னைக்கு மட்டும் இல்லம்மா. ஆடி பிறந்ததுல இருந்து வெள்ளி, செவ்வாய் எல்லாம் அதுலதான் போட்டேன். இது மூணாவது வெள்ளி. டாக்டரம்மாகிட்ட சொல்லிரு. மறைக்கக் கூடாது."

மூன்று வாரம். கக்கல், மலச்சிக்கல், ராத்திரி அழுகை எல்லாம் அந்த மூன்று வாரத்துக்குள் வந்தவைதான். பல் என்று நினைத்தார்களே! பிரபா நாத்தனார் சொன்னதை இந்தியில் டாக்டரிடம் சொன்னாள். "இவங்கதான் கோலம் போட்டாங்க" என்பது வரை வந்தது. "பாட்டிலை அங்கே வைத்தது நான்" என்ற ஒரு வரி மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு வெளியே வரவில்லை.

"மூணு வாரமா?" மதியழகன் திரும்பினான். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்தினான். "எதுன்னு தெரியாம ஒரு பொடிய எடுத்துப் பிள்ளை தவழ்ற இடத்துல கொட்டுவியா? கேக்க வாயில்லையா உனக்கு? உன்னக் கூட்டியாந்து வச்சதுக்கு…"

மேலே சொல்லவில்லை. சொன்ன வரைக்குமே போதும். ஜெயலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்கே சண்டை வேண்டாம்," என்று டாக்டர் அதட்டினார். "வண்டியின் பழைய பெயின்டைச் சுரண்டினீர்களா?"

"சுரண்டினேன் மேடம்."

"எங்கே?"

"வீட்டு… பின்பக்க முற்றத்தில்."

"அந்தக் கால பெயின்டிலும் இதே ஈயம் இருந்திருக்கலாம். அந்தத் தூசி உங்கள் சட்டையோடு, செருப்போடு வீட்டுக்குள் வந்திருக்கும். குழந்தை அதைத் தரையிலிருந்துதான் பொறுக்கும். அந்தச் சட்டையோடு அவளைத் தூக்கியிருப்பீர்கள், இல்லையா?"

மதியழகன் தலை கவிழ்ந்தது. தினமும் தூக்கினான். சுரண்டிக்கொண்டிருக்கும்போதே "அப்பா கிட்ட வா" என்று கை நீட்டித் தூக்கினான்.

குழந்தையிடம் ரத்தம் எடுத்தார்கள். பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு தரம் குத்தினார்கள். பிறகு வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை டாக்டர் திரையில் காட்டினார். சாம்பல் நிறக் குட்டி வயிற்றுக்குள், உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள்.

"இது எல்லாமே அந்தப் பொடி. இன்னும் குடலில் இருக்கிறது. வெளியே கொண்டுவர இப்போதே மருந்து ஆரம்பிக்கிறோம். ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் முக்கியம். அந்த அளவைப் பார்த்துத்தான் மற்றதைச் சொல்ல முடியும். ரிப்போர்ட் நாளை மதியம் வரும். அதுவரை அட்மிட் பண்ணுங்கள்."

"மூளைக்கு ஏதாவது…" என்று ஆரம்பித்த பிரபாவால் முடிக்க முடியவில்லை.

டாக்டர் அவள் தோளைத் தொட்டார். "ரிப்போர்ட் வரட்டும்." பதில் சொல்லாமல் தோளைத் தொடுகிற டாக்டரைப் போல் பயமுறுத்துகிறவர் உலகத்தில் உண்டா?

உள்ளே தர்ஷிக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெற்றவர்கள் பார்க்க வேண்டாம் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். மதியழகன் அட்மிஷன் வேலையாகக் கீழே போயிருந்தான். நடைபாதை பெஞ்சில் ஒரு கோடியில் பிரபா, மறு கோடியில் ஜெயலட்சுமி. நடுவில் மூன்று பேர் உட்காரலாம்.

கதவுக்குப் பின்னாலிருந்து குழந்தையின் அழுகை வந்தது. ஒவ்வொரு அழுகைக்கும் ஜெயலட்சுமியின் வெறுங்கால் விரல்கள் மடங்கின. அவள் உதடு எதையோ முணுமுணுத்தபடியே இருந்தது. "எடுத்துக்கோ தாயே, என்னை எடுத்துக்கோ" என்பது மட்டும் பிரபாவின் காதில் விழுந்தது.

இதற்கு மேல் பிரபாவால் முடியவில்லை. எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மதினி, அந்தப் பாட்டில முத்தத்துல இருந்து உள்ள எடுத்துட்டு வந்தது நான். மழையில நனையுதேன்னு கோலமாவுக்குப் பக்கத்துல வச்சதே நான்தான். கார்ல வரும்போதே ஞாபகம் வந்துருச்சு. அவர் உங்களத் திட்டும்போது வாய மூடிக்கிட்டு நின்னேன். பயமா இருந்துச்சு மதினி. நான்தான் பிள்ளையக் கொன்னுட்டேன்னு சொல்லிருவாரோன்னு…"

அழுதுவிட்டாள். எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை அழுகை!

ஜெயலட்சுமி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. ஆச்சரியமும் இல்லை.

"தெரியும்மா," என்றாள்.

"தெரியுமா?"

"நீ கொண்டாந்து வைக்கயில நான் அடுப்படியிலதான் நின்னேன். நீ என்னைப் பாக்கல."

"அப்ப அவர் அந்தப் பேச்சு பேசும்போது ஏன் சொல்லல மதினி?"

"எதைச் சொல்ல?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள் ஜெயலட்சுமி. "அதுக்கு முந்தின நாள்தான், ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனா கொஞ்சம் காவி வாங்கியான்னு தம்பிகிட்ட சொன்னேன். நீ அப்ப போன்ல இருந்த. அவன் மறந்துட்டான். மறுநாளே நீ அந்தப் பாட்டிலக் கொண்டாந்து கோலமாவுக்குப் பக்கத்துல வச்ச. நீ போன்ல பேசிக்கிட்டே காதுல வாங்கியிருக்க, எனக்காக வாங்கியாந்து வச்சிருக்கன்னு நெனச்சேன். இந்த வீட்டுக்கு வந்து அன்னைக்குத்தான் எனக்கு வயிறு நெறஞ்சு தூக்கம் வந்துச்சு. இது என்ன பொடின்னு உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்டா, உங்களுக்காக இல்லன்னு சொல்லிருவியோன்னு கேக்கலம்மா."

பிரபா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்று மாசமாக ஒரே கூரைக்கு அடியில் இருக்கிறார்கள். "மதினி, காவி வேணுமா" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி இல்லாமல் போனதற்கு உள்ளே தன் பிள்ளை குழாயோடு கிடக்கிறாள். கையை நீட்டி நாத்தனாரின் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. ரேகைகளுக்குள் இன்னும் ஆரஞ்சு நிறம் இருந்தது.

நடைபாதைக் கோடியில் லிப்ட் திறந்தது. அதே டாக்டர் அம்மா. கையில் ஒரு தாள். நடக்கவில்லை, ஏறக்குறைய ஓடி வந்தார். பின்னாலேயே மதியழகன், வெளிறிப்போய்.

"பிரியதர்ஷினியின் அம்மா! ரிப்போர்ட்டுக்காக நாளை வரை காத்திருக்க வேண்டாம். லேபிலிருந்து இப்போதே போன் செய்து ஈயத்தின் அளவைச் சொல்லிவிட்டார்கள். உள்ளே வாருங்கள், உட்கார்ந்து பேச வேண்டும்."

பிரபா எழுந்தாள். ஜெயலட்சுமி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள், தான் போகலாமா என்று தெரியாமல்.

"அக்கா இங்கயே இருக்கட்டும்," என்றான் மதியழகன்.

"இல்லைங்க." பிரபா பிடித்த கையை விடவில்லை. "எந்திரிங்க மதினி. பிள்ளை அழுதா உங்களத்தான் தேடுவா. வாங்க."